ஓவியக்கூடங்களின் கதை – 9: மேல்மாடித் தடுப்புகள்

1658இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வீடு கடனுக்காக விற்கப்பட்டது. 1639இல் 13,000 கில்டருக்கு விலை பேசி வாங்கிய வீடு 11,218 கில்டருக்குப் போயிற்று. வீட்டோடு சேராத பொருட்கள் என்று விற்பனை ஆவணம் சிலவற்றைத் தனியாகக் குறிக்கிறது. கணப்பு அடுப்புகள் அதில் உண்டு. மாணவர்களுக்காக மேல்மாடியில் போட்டிருந்த தடுப்புகளும் உண்டு. வீட்டை இழந்தவர் ரெம்பிராண்ட். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த விற்பனையை ஒரு மேதையின் வீழ்ச்சியாகச் சொல்லிக் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். நமக்கு வேண்டியது அந்தத் தடுப்புகள்தான். பத்திரத்தில் பெயர் சொல்லும் அளவுக்கு அவை அந்த வீட்டில் இடம் பிடித்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன செய்தார்கள், அவர்கள் செய்தது யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், கடந்த நூறாண்டுகளாக அருங்காட்சியகங்களை அலைக்கழித்துவரும் 'இது அசல் ரெம்பிராண்டா?' என்ற வழக்கு ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தடுப்புகளைப் பற்றி இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஆர்னால்ட் ஹௌப்ராக்கன் என்ற ஓவியர் 1718க்கும் 1721க்கும் இடையில் டச்சு ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ரெம்பிராண்ட் புளூம்கிராக்ட் கால்வாயோரம் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, தாளாலோ கித்தானாலோ அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு இடம் ஒதுக்கினார் என்று அதில் எழுதுகிறார். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் எதிரே இருக்கும் ஆளைப் பார்த்து வரைவதற்கான ஏற்பாடு அது. ஹௌப்ராக்கன் கதை சொல்வதில் ஆசையுள்ளவர். மாணவர்கள் தரையில் நாணயத்தை வரைந்துவைத்து ஆசானைக் குனியவைத்த கதையையும் அவரே சொல்கிறார். அப்படிப்பட்டவரை எவ்வளவு நம்பலாம்? இந்த ஒரு செய்தியில் நம்பலாம் என்பேன். ஹௌப்ராக்கனின் ஆசிரியர் சாமுவேல் வான் ஹோக்ஸ்டிராட்டன், 1640களில் ரெம்பிராண்டிடமே பயின்றவர். இடையில் ஒரே ஒரு வாய்தான். அதற்கும் மேலாக, 1656 ஜூலையில் ரெம்பிராண்ட் கடன் தீர்க்க முடியாது என்று அறிவித்தபோது அதிகாரிகள் அறை அறையாக எழுதிய பொருட்பட்டியல் இருக்கிறது. மொத்தம் 363 பதிவுகள். அதில் சிறிய ஓவிய அறை என்று ஒன்று வருகிறது; அதன் பொருட்களை முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். கதைசொல்லியும் கடன்காரர்களின் எழுத்தரும் விற்பனைப் பத்திரமும் ஒரே திசையில் கை காட்டும்போது சந்தேகப்பட அதிகம் மிச்சமில்லை.

புளோரன்ஸ் பட்டறைகளில் பையன் வண்ணம் அரைப்பதிலிருந்து தொடங்கினான் என்று சென்ற பகுதியில் பார்த்தோம். இந்த மேல்மாடிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படியைத் தாண்டி வந்தவர்கள். ஹோக்ஸ்டிராட்டன் டோர்ட்ரெக்ட் ஊரில் ஓவியராக இருந்த தந்தையிடம் கற்றுவிட்டு வந்தார். கோவர்ட் ஃப்ளிங்க், லேவார்டன் நகரில் லாம்பர்ட் யாக்கப்ஸ் என்ற ஓவியரிடம் பயின்ற பிறகு 1633 வாக்கில் ஆம்ஸ்டர்டாம் வந்தார். விதிவிலக்கு முதல் மாணவர்தான். கெரிட் டௌ 1628 பிப்ரவரி 14 அன்று லைடன் நகரில் ரெம்பிராண்டிடம் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. ஆசானுக்கே அப்போது 21தான். அதன்பிறகு வந்தவர்கள், தொழிலின் அடிப்படை தெரிந்து, பெயர் பெற்ற ஒருவரின் பாணியைக் கையில் ஏற்றிக்கொள்ள வந்தவர்கள். அதற்குப் பணமும் கட்டினார்கள். ஐசக் டி யூடர்வில் என்ற அநாதைச் சிறுவனின் காப்பாளர்கள் 1629 முதல் 1631 வரை கட்டிய கட்டணத்துக்கு ரெம்பிராண்ட் எழுதிக் கொடுத்த ரசீதுகள் கிடைத்திருக்கின்றன: அரையாண்டுக்கு 50 கில்டர். கைத்திறன் உள்ள ஒரு தொழிலாளியின் தினக்கூலி ஏறத்தாழ ஒரு கில்டராக இருந்த காலம் அது. ஆண்டுக்கு 100 கில்டர் கட்டிப் பையனை அனுப்பக்கூடியவர்கள் ஏழைகள் அல்லர்.

யோவாகிம் ஃபொன் ஜாண்ட்ரார்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் 1637 முதல் சில ஆண்டுகள் ஆம்ஸ்டர்டாமில் இருந்தவர். 1675இல் வெளியிட்ட நூலில் ரெம்பிராண்டைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு தொழில் போட்டியாளரின் கண் தெரிகிறது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் எண்ணிலடங்காமல் அவர் வீட்டில் நிறைந்திருந்தார்கள், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 கில்டர் கட்டினார்கள், இது போக அவர்கள் செய்த ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் விற்று 2,000 முதல் 2,500 கில்டர் வரை அவர் சம்பாதித்தார் என்கிறார். 'எண்ணிலடங்காமல்' என்பதை மிகை என்று தள்ளிவிடலாம். நாற்பதாண்டு உழைப்பில் பெயரோ அடையாளமோ தெரிந்த மாணவர்கள் சுமார் ஐம்பது பேர்தான். ஆனால் நூறு கில்டர் என்ற கணக்கு யூடர்வில்லின் ரசீதுகளோடு அப்படியே பொருந்துகிறது. ரசீதுகளைப் பார்க்காமல் எழுதிய ஒருவர் தொகையைச் சரியாகச் சொல்கிறார் என்றால், வருமானத்தைப் பற்றி அவர் சொன்னதையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. ஆக, இங்கே மாணவர் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார். கற்கும்போது செய்த பொருள் ஆசானின் பொருளாக விற்பனைக்குப் போகிறது. நம் காலத்துப் பள்ளியும் இப்படி இயங்குவதில்லை, தொழிற்சாலையும் இப்படி இயங்குவதில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்த ஓர் அமைப்பு இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இனி வருகிற சான்றுகள் புரியும்.

அந்தச் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தாளின் பின்பக்கம். தன் ஆசான் பீட்டர் லாஸ்ட்மன் வரைந்த 'சூசன்னாவும் முதியோரும்' ஓவியத்தைப் பார்த்து ரெம்பிராண்ட் சுண்ணக்கட்டியில் வரைந்த படம் பெர்லினில் இருக்கிறது. காலம் 1636 வாக்கில். அதன் மறுபக்கத்தில் தன் கையெழுத்திலேயே ஒரு சில்லறைக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். கொடியேந்தி ஒன்று 15 கில்டருக்கு விற்றது. ஃப்ளோரா ஒன்று 6 கில்டருக்கு. ஃபெர்டினண்ட் செய்த ஒரு வேலையும் விற்றது. லீண்டர்ட் செய்த ஃப்ளோரா 5 கில்டருக்கு. ஃபெர்டினண்ட் என்பவர் அப்போது மாணவராக இருந்த ஃபெர்டினண்ட் போல் என்றும், லீண்டர்ட் என்பவர் லீண்டர்ட் வான் பெயரன் என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ரெம்பிராண்டே 1634லும் 1635லும் ஃப்ளோரா தேவதையை வரைந்திருக்கிறார். கொடியேந்தி ஓவியம் 1636ஆம் ஆண்டினது. ஆசான் ஒரு புதிய பொருளை வரைந்து முடித்ததும் மாணவர்கள் அதை எடுத்துப் படியெடுக்கிறார்கள், அந்தப் படிகள் ஐந்துக்கும் ஆறுக்கும் பதினைந்துக்கும் விலை போகின்றன. அசல் கொடியேந்தியை நெதர்லாந்து 17.5 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. மாணவரின் கொடியேந்தி போன விலை 15 கில்டர். கற்பதும் விற்பதும் ஒரே சுண்ணக்கட்டிக் கணக்கில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

படியெடுப்பது மட்டும்தான் பாடம் என்று நினைத்துவிடக் கூடாது. 1635இல் ரெம்பிராண்ட் ஆபிரகாம் மகனைப் பலியிட முனையும் காட்சியைப் பெரிய கித்தானில் வரைந்தார். அது இன்று புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதே அளவுக்கு நெருங்கிய இன்னொரு ஓவியம் மியூனிக் நகரில் இருக்கிறது. பார்த்தவுடன் படி என்றுதான் தோன்றும். ஆனால் தேவதூதர் வேறு பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து பறந்து வருகிறார். மூலத்தில் இல்லாத ஆட்டுக்கடா இதில் இருக்கிறது. அதன் கீழே எழுதியிருப்பது விசித்திரமானது: ரெம்பிராண்ட் இதை மாற்றி மேலே வரைந்ததாகவும், ஆண்டு 1636 என்றும் எழுத்து இருக்கிறது. முதலிலிருந்து வரைந்ததாகச் சொல்லவில்லை, மாற்றியதாகச் சொல்கிறது. ஒரு மாணவர் ஆசானின் காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் என்ன மாற்றலாம் என்று யோசித்து வரைந்திருக்கிறார். ஆசான் வந்து தூரிகையைக் கையில் வாங்கித் திருத்தியிருக்கிறார். ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் போன்றவர்களின் பட்டறையில் உதவியாளர்கள் ஆசானின் திட்டத்தை நிறைவேற்றினார்கள். இங்கே அந்த ஓட்டம் தலைகீழாகப் போகிறது. மாணவர் தன் கற்பனையில் மாற்றிய ஒன்றை ஆசான் முடித்துவைக்கிறார். ஆசான் வரைந்ததைச் சுற்றிச் சிறு சிறு மாற்றங்களோடு மாணவர்கள் வரைந்த இத்தகைய ஓவியங்கள் இன்னும் பல உண்டு.

திருத்தும் முறை எப்படி இருந்தது என்பதற்கு வரைதாள்களே நேரடிச் சாட்சி. கான்ஸ்டன்டைன் வான் ரெனெஸ்ஸ என்ற மாணவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர். பிற்காலத்தில் ஊர் நிர்வாகத்தில் பதவி வகித்தவர். கன்னி மரியாளிடம் தேவதூதர் வந்து சேதி சொல்லும் காட்சியை அவர் 1650களின் தொடக்கத்தில் மெல்லிய, கவனமான கோடுகளால் வரைந்தார். அதன் மேலேயே ரெம்பிராண்ட் தடித்த பேனாக் கோடுகளால் தேவதூதரைப் பெரிதாக்கி நிமிர்த்தியிருக்கிறார். பணிவாக வந்து நின்ற ஆள், திருத்தத்துக்குப் பிறகு அறையையே நிறைக்கிற உருவமாகிவிட்டார். வாய்மொழி விளக்கத்தின் தேவையே இல்லை. எது தவறு என்பதைக் கோடே சொல்லிவிடுகிறது. ஹோக்ஸ்டிராட்டன் 1678இல் எழுதிய ஓவிய நூலில், ஏன் எதற்கு என்று தான் ஆசானைத் துளைத்ததையும், தெரிந்ததை நன்றாகப் பழகு, கேட்கிற ரகசியங்கள் தாமே தெரியவரும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதையும் நினைவுகூர்கிறார். ஆசானின் கண்டிப்பு தாங்காமல் சாப்பிடாமலும் குடிக்காமலும் கண்ணீரோடு உட்கார்ந்து பிழையைச் சரிசெய்துவிட்டே எழுந்ததையும் மறைக்கவில்லை. மென்மையான பள்ளி என்று இதை யாரும் சொல்ல முடியாது.

1646 வாக்கில் ரெம்பிராண்ட் செய்த ஓர் எட்சிங் அச்சுப்படம் இந்தப் பாடமுறையின் சுருக்கம் போலவே இருக்கிறது. முன்னால் ஆடையற்ற இரண்டு இளைஞர்கள். ஒருவன் நிற்கிறான், ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பின்னணியில் லேசான கோடுகளில், நடைவண்டியைப் பிடித்துத் தத்தி நடக்கும் ஒரு குழந்தை. எதிரே கை நீட்டி அழைக்கும் ஒரு பெண். வரையப் பழகுவதும் நடக்கப் பழகுவதும் ஒன்று என்ற பொருள் இதில் இருப்பதாகச் சிலர் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரியாகவே படுகிறது. ஆனால் அதைவிடப் பயனுள்ள செய்தி வேறு. நிற்கும் அதே இளைஞனை, அதே நிலையில், வெவ்வேறு மாணவர்கள் வரைந்த தாள்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. பார்வைக் கோணம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் விலகுகிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்தால் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையே ஊகிக்கலாம். ஆசானும் அவர்களோடு உட்கார்ந்து செப்புத் தகட்டில் கீறிக்கொண்டிருந்தார். மேடையில் நின்று சொல்லிக்கொடுப்பவராக இல்லாமல் அவரும் அந்த வட்டத்தில் ஒருவராக இருந்தார். அவர் கையில் இருந்தது விற்பனைக்குப் போகும் தகடு.

இப்போது நூறாண்டு வழக்குக்கு வருவோம். 1935இல் அப்ரஹாம் பிரேடியஸ் தொகுத்த பட்டியலில் ரெம்பிராண்டின் ஓவியங்கள் 600க்கும் மேல். 1969இல் ஹோர்ஸ்ட் கெர்சன் அதைச் சுமார் 420 ஆகக் குறைத்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 1968இல், நெதர்லாந்தில் ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அசலுக்கு ஏ, தீர்மானிக்க முடியாததற்கு பி, மற்றவர் வரைந்ததற்கு சி என்று வகை பிரித்தார்கள். முதல் மூன்று தொகுதிகளில் பி வகையில் விழுந்தவை மிகக் கொஞ்சம். அதாவது, ஒன்று ரெம்பிராண்ட், இல்லையென்றால் வேறொருவர். 1985இல் பெர்லினின் புகழ்பெற்ற 'தங்கத் தலைக்கவச மனிதர்' அவருடையது அன்று என்று தள்ளப்பட்டது. 1993இல் மூத்த உறுப்பினர்கள் விலகினார்கள். எர்ன்ஸ்ட் வான் டி வேட்டரிங் தலைமையில் முறையே மாறியது. ஏபிசி வகைப்பாடு கைவிடப்பட்டது. 2014இல் வந்த இறுதித் தொகுதியில் அவர் ஏறத்தாழ 70 ஓவியங்களை ரெம்பிராண்டுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஒரே திட்டம், ஒரே தரவுகள், அரை நூற்றாண்டுக்குள் எழுபது படங்கள் இங்குமங்கும் போய்வந்திருக்கின்றன. ஆய்வாளர்களின் கவனக்குறைவு இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பட்டறை எதை மறைத்துப் பழகியதோ, அதைத்தான் அவர்கள் தேடினார்கள். மாணவரின் கை ஆசானின் கையாகத் தெரியவேண்டும் என்பதே அங்கே பாடம். அந்தப் பாடத்தில் தேறிய ஓவியத்திடம் போய் நீ யார் வரைந்தது என்று கேட்டால் அது எப்படிச் சொல்லும்?

அறிவியல் கருவிகள் வந்த பிறகு இது தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். சில இடங்களில் தீர்ந்திருக்கிறது. கழுத்துக் கவசம் அணிந்த இளம் ரெம்பிராண்டின் தன்னுருவம் ஒன்று ஹேக் நகரில் இருக்கிறது, இன்னொன்று நியூரம்பெர்க்கில். வழவழப்பான ஹேக் படமே அசல், மற்றது படி என்று நெடுங்காலம் நம்பினார்கள். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது ஹேக் படத்தின் வண்ணத்துக்கு அடியில், படியெடுப்பவர் போடும் கவனமான வரைகோடுகள் தெரிந்தன. ரெம்பிராண்ட் அப்படிக் கோடு போட்டு வண்ணம் நிரப்புகிறவர் அல்லர். தீர்ப்பு தலைகீழானது. ஆனால் வேதியியல் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. 1642இல் முடிந்த 'இரவுக் காவல்' தொடங்கி, அவர் பட்டறையில் உருவான கித்தான்கள் பலவற்றில் குவார்ட்ஸ் மணலும் களிமண்ணும் எண்ணெயில் குழைத்த அடிப்பூச்சு இருக்கிறது. அக்காலத்து மற்ற டச்சு ஓவியர்களிடம் அது ஏறத்தாழக் கிடையாது. மலிவானது, மடித்தால் எளிதில் வெடிக்காதது. இந்த அடிப்பூச்சைக் கண்டால் ஓவியம் அந்த வீட்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். யாருடைய கையில் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆசானும் மாணவரும் ஒரே சுருள் கித்தானில் வரைந்தார்கள். இரசாயனச் சோதனை உறுதியோடு அடையாளம் காட்டுவது ஒரு பட்டறையை.

அப்படியானால் யார் வரைந்தது என்ற கேள்வியே அர்த்தமற்றதா? அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் 1988இல் எழுதிய நூலில், ரெம்பிராண்ட் தன் பெயரையே ஒரு சந்தைப் பொருளாக ஆக்கினார், பட்டறை அந்தப் பெயரின் உற்பத்திக்கூடம் என்ற வாதத்தை வலுவாக வைத்தார். அதில் பாதி உண்மை. ஆனால் அந்த வீட்டிலேயே கைகளை வேறுபடுத்திப் பார்த்தார்கள். 1656 பட்டியல் சில சிறு ஓவியங்களை ரெம்பிராண்ட் வரைந்தவை என்று சொல்லாமல், அவரால் திருத்தப்பட்டவை என்று சொல்கிறது. பெர்லின் தாளில் லீண்டர்டின் ஃப்ளோரா லீண்டர்டுடையதுதான். விலையும் சாட்சி: 1639இல் அரண்மனைக்கு வரைந்த இரண்டு ஓவியங்களுக்கு ரெம்பிராண்ட் தலா 600 கில்டர் வாங்கினார், 'இரவுக் காவல்' சுமார் 1,600 கில்டர். ஆறு கில்டருக்கு ஃப்ளோரா வாங்கியவர் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கியிருக்க வாய்ப்பில்லை. எனவே கைகளுக்கு இடையே வேறுபாடு இருந்தது, அதற்கு விலையும் இருந்தது. இல்லாதது, ஒவ்வொரு ஓவியத்தையும் ஒரே ஒரு பெயரின் கீழ் அடைக்கவேண்டும் என்ற கட்டாயம். மியூனிக் ஆபிரகாமை ஏ என்பதா, சி என்பதா? இரண்டுமே தவறு. அதன் அடியில் எழுதியிருப்பதே சரியான விடை.

அடுத்த ஆட்சேபம் கடுமையானது. கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவரின் உழைப்பையும் விற்றுத் தின்பது சுரண்டல் இல்லையா? சட்டப்படி அன்று அது தவறே இல்லை. ஓவியர் சங்க வழக்கப்படி பயிற்சிக் காலத்தில் மாணவர் செய்தது ஆசானின் சொத்து. மாணவர் அதில் தன் பெயரை எழுதுவதில்லை. உட்ரெக்ட் நகரச் சங்கத்தின் விதியொன்று, ஆசானின் பாணியில் வரையாதவர்களையும் தம் பெயரிலேயே கையெழுத்திடுகிறவர்களையும் பட்டறையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றே சொல்கிறது. ஆனால் வழக்கம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பட்டறை நமக்கு அருகிலேயே இருக்கிறது. அக்பரின் ஓவியக்கூடத்தில் 1590களில் உருவான 'அக்பர்நாமா' ஏடுகள் இன்று லண்டனில் இருக்கின்றன. 116 ஓவியங்கள். படத்துக்குக் கீழே எழுத்தர் சிவப்பு மையில், திட்டமிட்டு வரைந்தவர் யார், வண்ணம் தீட்டியவர் யார், சில இடங்களில் முகங்களை மட்டும் வரைந்தவர் யார் என்று எழுதிவைத்திருக்கிறார். அங்கும் கூட்டு உழைப்புதான். அரசரின் நூலகத்துக்குக் கணக்கு வேண்டும், பரிசும் சம்பளமும் சரியான ஆளுக்குப் போகவேண்டும். அதனால் பெயர்கள் தங்கின. ஆம்ஸ்டர்டாமில் சரக்கு கடைத்தெருவுக்குப் போகவேண்டும். கடைத்தெரு கேட்டது ஒரே பெயரை. கூட்டாகச் செய்வதால் பெயர் அழிவதில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அழிகிறது. முகலாயச் சிற்றோவியங்கள் டச்சு வணிகர்கள் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, ரெம்பிராண்டே 1650களின் இறுதியில் அவற்றைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். தன் மாணவர்களைப் போலவே அவரும் பிறர் கையைப் படியெடுத்துக் கற்றுக்கொண்டிருந்தார், ஐம்பது வயதில்.

மூன்றாவது ஆட்சேபம் ஓவியர்களிடமிருந்தே வருவது: இன்னொருவரின் கையை இவ்வளவு முழுமையாக ஏற்றிக்கொண்டவனுக்குத் தன் கை எங்கே மிஞ்சும்? ஃப்ளிங்க்கின் படங்கள் ரெம்பிராண்டுடையவை என்றே விற்றன, பிறகு அந்தப் பாணியை விட்டுவிட அவர் பெரும்பாடு பட்டார் என்று ஹௌப்ராக்கன் எழுதுகிறார். இது ஆட்சேபத்துக்குச் சாதகமான சான்றுதான். யூடர்வில் கடைசிவரை ஆசானின் நிழலைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் பட்டியலை முழுதாகப் பாருங்கள். முதல் மாணவர் டௌ, தூரிகைத் தடமே தெரியாத நுணுக்கப் பாணியை லைடனில் நிறுவி, தன் காலத்தில் ஆசானைவிடக் கூடுதல் விலை பெறுகிறவராக ஆனார். ரெம்பிராண்ட் இருண்ட பின்னணியில் ஒளியுள்ள உருவத்தை வைத்தார். காரல் ஃபேப்ரிட்டியஸ் அதைத் திருப்பிப்போட்டு, வெளிச்சமான சுவருக்கு முன் சின்னஞ்சிறு பறவையை வைத்து 1654இல் வரைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று டெல்ஃப்ட் நகர வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் இறந்தும் போனார். நிக்கோலாஸ் மாஸ் வீட்டு அறைகளையும் கதவோரம் ஒட்டுக்கேட்கும் பெண்களையும் வரைந்துவிட்டு, பிறகு நாகரிக உருவப்படங்களுக்குத் தாவினார். ஹோக்ஸ்டிராட்டன் கண்ணை ஏமாற்றும் படங்களும், துளை வழியே பார்க்கும் பெட்டிக்குள் வீட்டையே காட்டும் விந்தையும் செய்தார். ஒருவரிடம் பயின்றவர்கள் இவ்வளவு வெவ்வேறாகப் போனதற்கு அவர்களின் திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. மியூனிக் ஆபிரகாமில் கண்ட முறைதான் அதன் வேர் என்று நினைக்கிறேன்: ஆசானின் காட்சியை எடு, ஏதாவது ஒன்றை மாற்று, மாற்றியது நிற்கிறதா என்று அவர் வந்து பார்ப்பார். மாற்றிப் பார்ப்பதையே தினப் பயிற்சியாகச் செய்தவனுக்குப் பிறகு தன் வழியில் மாறுவது புதிய வேலையாக இருக்காது. ஃப்ளிங்க் பட்ட பாட்டையும் இப்படிப் பார்க்கலாம். விட்டுவிட முடிந்தது என்பதுதான் முக்கியம். ஆம்ஸ்டர்டாமின் புதிய நகர மண்டபத்தை அலங்கரிக்கும் பெரும்பணி 1659இல் ரெம்பிராண்டுக்குப் போகாமல் முதலில் ஃப்ளிங்க்குக்குத்தான் போயிற்று.

மாறவே விரும்பாத ஒருவரும் இருந்தார். 1661 வாக்கில், வீடிழந்து ரோசன்கிராக்ட் தெருவில் வாடகைக்கு இருந்த ரெம்பிராண்டிடம் டோர்ட்ரெக்ட்டிலிருந்து ஆர்ட் டி கெல்டர் வந்து சேர்ந்தார். அப்போது ரெம்பிராண்டின் பெயரில் தொழிலே இல்லை. கடன்காரர்களிடமிருந்து காப்பதற்காக 1660இல் மகன் டைட்டஸும் துணைவி ஹென்ட்ரிக்கியாவும் ஒரு வணிக நிறுவனம் அமைத்து, அவரை அதன் கீழ் வேலை செய்பவராக வைத்திருந்தார்கள். நகரத்தின் ரசனை வழவழப்பான, வெளிச்சமான ஓவியத்துக்கு மாறிவிட்டிருந்தது. டி கெல்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. வண்ணத்தைத் தடிமனாகத் தீட்டுவது, ஈர வண்ணத்தில் தூரிகையின் பின்முனையால் கீறுவது போன்ற ஆசானின் வழக்கங்களை ஊருக்குக் கொண்டுபோய், 1727இல் இறக்கும்வரை அப்படியே வரைந்தார். ரெம்பிராண்ட் இறந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவரைப் பின்தங்கியவர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் யாரும் வற்புறுத்தாமல், சந்தையும் கேட்காமல், ஒரு பாணியில் ஒருவர் வாழ்நாள் முழுதும் நின்றார் என்றால் அதை அடிமைத்தனம் என்று சொல்வது அநியாயம். அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

தங்கத் தலைக்கவச மனிதர் இன்றும் பெர்லினில்தான் தொங்குகிறார். 1985க்கு முன் அவர் முன்னால் கூட்டம் நின்றது, பிறகு குறைந்துபோயிற்று. ஓவியத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கவசத்தின் தடித்த வண்ணமும், முகத்தின் மங்கலும், இரண்டுக்கும் இடையே ஒளி தாவுகிற விதமும் அன்றிருந்தபடியேதான் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் ஒரு பெயர் போய் 'ரெம்பிராண்டின் வட்டம்' என்று வந்தது, அவ்வளவுதான். அதைப் பதவியிறக்கமாக எடுத்துக்கொண்டது நம் பழக்கம். அந்த மேல்மாடியில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய ஒருவர் இவ்வளவு தூரம் வரமுடிந்தது என்பது ஆசானுக்கும் மாணவருக்கும் சேர்த்து வருகிற பெருமை. 'பட்டறை' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் கண்டதும் அடுத்த அறைக்குப் போய்விடாமல் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த பகுதியில், பெயர்களைச் சிவப்பு மையில் எழுதிவைத்த அக்பரின் ஓவியக்கூடத்துக்குப் போவோம்.